எந்த போஸ்? சிங்கப்பூர் மேடையில் இரண்டு தலைவர்களும் ஒரு பெயரும்

முதலில் ஒரு மாதிரி விடை. படித்துப் பாருங்கள்.

போஸ் 1912-இல் டில்லியில் வைசிராயைக் கொல்லத் திட்டமிட்டார். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று ஹிட்லரைச் சந்தித்தார். 1943-இல் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றார். 1945-இல் இறந்தார்.

தனித்தனியாகப் பார்த்தால் நான்கு வாக்கியங்களும் சரி. ஒன்றாகச் சேர்த்தால்தான் தவறு. முதல் வாக்கியத்தில் வருபவர் ராஷ் பிஹாரி போஸ். அடுத்த இரண்டில் வருபவர் சுபாஷ் சந்திர போஸ். நான்காவது இருவருக்குமே பொருந்தும். சுபாஷ் பிறந்தது 23 ஜனவரி 1897. டில்லியில் குண்டு வெடித்தபோது அவர் பதினைந்து வயதுப் பள்ளி மாணவர். செங்காங்கில் வரலாறு சொல்லிக்கொடுக்கிற எனக்கு இந்த மாதிரி விடை புதுசு இல்லை. மாணவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பாடக்குறிப்பிலும் இணையத்திலும் "போஸ்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம். பிள்ளைகளும் இரண்டு வாழ்க்கையை ஒட்டி ஒரே ஆளாக்கிவிடுகிறார்கள்.

ஒரு மதிப்பெண் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமே? விட முடியாது. இந்தக் கலவையில் ஒருவர் காணாமல் போகிறார். எப்போதும் காணாமல் போவது மூத்தவர்தான். அதுவும் அவர் தன் பொறுப்பை இன்னொருவர் கையில் கொடுத்த ஊரிலேயே, அதாவது நம் சிங்கப்பூரிலேயே, அவரை மறந்துவிடுகிறோம்.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். "போஸ்" என்பது வங்காளத்தில் வீட்டுப்பெயர். சமஸ்கிருத "வசு" வங்காள எழுத்தில் "பசு" ஆகி, பேச்சில் "போஷு" என ஒலித்து, ஆங்கிலேயர் காலத்தில் "போஸ்" என்று எழுதப்பட்டது. மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த ஜோதி பாசுவின் "பாசு"வும் இதே சொல்தான். நம்ம ஊரில் ஒரே பெயர் இருந்தால் ஒரே குடும்பமோ என்று கேட்போம். அங்கே அப்படிக் கேட்பதில் பொருளில்லை. ராஷ் பிஹாரி 25 மே 1886-இல் பர்துவான் மாவட்டத்தில் பிறந்து சந்தன்நகரில் வளர்ந்தவர். சுபாஷ் ஒடிசாவின் கட்டாக்கில் வழக்கறிஞர் ஜானகிநாத் போஸின் மகனாகப் பிறந்தவர். இருவரும் அண்ணன் தம்பியும் இல்லை, சித்தப்பா மகனும் இல்லை. உறவே கிடையாது.

இப்போது மூத்தவர் கதை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்பில் இதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை.

ராஷ் பிஹாரி டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் அரசாங்க எழுத்தர். பகலில் கோப்பு, மறைவில் புரட்சி. 23 டிசம்பர் 1912 அன்று வைசிராய் ஹார்டிஞ்ச் யானைமேல் ஊர்வலமாக டில்லி சாந்தினி சவுக் வழியே போனபோது குண்டு வீசப்பட்டது. வைசிராய் காயத்துடன் தப்பினார். அவருக்குப் பின்னால் இருந்த பணியாள் இறந்தார். குண்டை வீசியவர் வசந்த குமார் பிஸ்வாஸ் என்ற இளைஞர். திட்டம் ராஷ் பிஹாரியுடையது. ஆகவே விடைத்தாளில் "ராஷ் பிஹாரி குண்டு வீசினார்" என்று எழுதினாலும் முழு மதிப்பெண் கிடைக்காது. "திட்டமிட்டார்" என்பதே சரியான வினைச்சொல். சம்பவத்துக்குப் பிறகு மனிதர் அமைதியாக டேராடூன் திரும்பி, குண்டுவீச்சைக் கண்டித்துக் கூட்டமும் நடத்தினார். துணிச்சல் என்றால் இது ஒரு தனி ரகம்.

1915 பிப்ரவரியில் கதர் இயக்கத்தாருடன் சேர்ந்து வட இந்தியாவின் ராணுவ முகாம்களில் ஒரே நேரத்தில் கிளர்ச்சி எழுப்பத் திட்டமிட்டார். காட்டிக்கொடுக்கப்பட்டு அது தோற்றது. அதே மாதம் 15-ஆம் தேதி சிங்கப்பூரில் ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். கதர் பிரசாரம் இங்கேயும் எட்டியிருந்தது உண்மை. ஆனாலும் படைக்குள் இருந்த பூசல், துருக்கிக்கு எதிராகப் போருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் என்று இந்தக் கலகத்துக்குச் சொந்தக் காரணங்கள் இருந்தன. தேதி நெருக்கமாக இருக்கிறதே என்று இதையும் ராஷ் பிஹாரி தலையில் கட்டிவிடாதீர்கள்.

திட்டம் தோற்றபின் அவர் இந்தியாவை விட்டுத் தப்பிய விதம் நம் தலைப்புக்கு ரொம்பப் பொருத்தம். இன்னொருவர் பெயரை இரவல் வாங்கித்தான் தப்பினார். ரவீந்திரநாத் தாகூர் 1913-இல் நோபல் பரிசு பெற்றிருந்தார். அந்தப் புகழின் நிழலில் "பி. என். தாகூர்" என்ற பெயரில், கவிஞரின் உறவினர் போலக் காட்டிக்கொண்டு, 1915-இல் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். கால் நூற்றாண்டு கழித்து, 1941 ஜனவரியில், வீட்டுக் காவலில் இருந்த சுபாஷ் கல்கத்தாவிலிருந்து தப்பினார். முதலில் முகமது ஜியாவுதீன் என்ற காப்பீட்டு முகவர், பிறகு ஒர்லாண்டோ மசோட்டா என்ற இத்தாலியர். இரண்டு போஸ்களும் உயிரோடு இருந்ததே "போஸ்" என்ற பெயரைக் கொஞ்ச காலம் கழற்றி வைத்ததால்தான்.

ஜப்பானில் ராஷ் பிஹாரியை நாடு கடத்த பிரிட்டிஷ் தூதரகம் அழுத்தம் கொடுத்தது. தோக்கியோவின் ஷிஞ்சுகு பகுதியில் நாக்காமுராயா என்ற ரொட்டிக்கடை நடத்திய சோமா குடும்பம் அவரை ஒளித்து வைத்தது. 1918-இல் அந்த வீட்டுப் பெண் தோஷிகோவை மணந்தார். 1923-இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். 1925-இல் தோஷிகோ இறந்துவிட்டார். 1927-இல் நாக்காமுராயாவில் இந்தியக் கறி விற்பனைக்கு வந்ததற்குப் பின்னால் இருந்தவர் இவர்தான். அந்தக் கடையில் இன்றும் அந்தக் கறி உண்டு. ஜப்பானியர்கள் அவரை "நாக்காமுராயாவின் போஸ்" என்று குறிப்பிடுவது வழக்கம். பாருங்கள், அங்கேயும் எந்த போஸ் என்று சொல்ல ஓர் அடைமொழி தேவைப்பட்டிருக்கிறது!

இனி சிங்கப்பூர். ஆசிரியர்கள் கற்றல் பயணமாக அழைத்துப் போக இது நல்ல பாதை. எங்கள் செங்காங் எம்ஆர்டி நிலையத்தில் வடகிழக்கு ரயிலில் ஏறி ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் போனால், முதலில் ஃபேரர் பார்க், அடுத்தது லிட்டில் இந்தியா, அதற்கடுத்தது டோபி காட். ரயில் மாறவே வேண்டாம். கதையின் முதல் பாதி இந்த மூன்று நிலையத்துக்குள் அடங்கிவிடும்.

ஃபேரர் பார்க். 15 பிப்ரவரி 1942 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 17-ஆம் தேதி ஏறக்குறைய 45,000 இந்தியச் சிப்பாய்கள் இந்தத் திடலில் கூட்டப்பட்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். ஃபுஜிவாரா அவர்களை கேப்டன் மோகன் சிங் பொறுப்பில் விட்டார். முதல் இந்திய தேசிய ராணுவத்தின் விதை இங்கே விழுந்தது. கவனியுங்கள், அப்போது சுபாஷ் ஜெர்மனியில் இருக்கிறார். எனவே ஒரு ஆதாரத்தில் "1942, தென்கிழக்காசியா, போஸ்" என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் அது ராஷ் பிஹாரியாகத்தான் இருக்க முடியும். 1942 மார்ச்சில் தோக்கியோவிலும் ஜூனில் பாங்காக்கிலும் மாநாடுகள் நடந்து, இந்திய சுதந்திர லீக் அவர் தலைமையில் உருப்பெற்றது. சுபாஷை கிழக்கே வரவழைக்க வேண்டும் என்று தீர்மானித்ததும் அந்த பாங்காக் மாநாடுதான்.

ராஷ் பிஹாரியைச் சிப்பாய்கள் எல்லாரும் கொண்டாடினார்கள் என்று எழுதினால் அது பொய். பலர் அவரை நம்பவில்லை. ஜப்பானியக் குடிமகன், ஜப்பானிய மனைவி, ஜப்பானிய ராணுவத்தில் மகன். இவர் நமக்காகப் பேசுவாரா, தோக்கியோவுக்காகப் பேசுவாரா என்ற சந்தேகம் மோகன் சிங்குக்கும் மற்ற அதிகாரிகளுக்கும் இருந்தது. ராணுவம் யாருடைய கட்டுப்பாட்டில் என்ற தகராறு முற்றி, 1942 டிசம்பர் இறுதியில் ஜப்பானியர் மோகன் சிங்கைக் கைது செய்தார்கள். முதல் ராணுவம் கலைந்தது. அதன்பின் வந்த ஆறு மாதம்தான் ராஷ் பிஹாரியின் பங்கை எடைபோட வேண்டிய காலம் என்பது என் கருத்து. சிதறிப்போன அமைப்பை, உடல்நலம் குன்றிய நிலையில், போன்ஸ்லே போன்ற அதிகாரிகளை வைத்து அவர் இழுத்துப் பிடித்திருக்காவிட்டால், ஜூலையில் வந்திறங்கிய சுபாஷுக்கு ஏற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சியிருக்காது.

டோபி காட் நிலையத்தை விட்டு மேலே வந்தால் ஹேண்டி சாலையில் கேத்தே. பழைய கட்டடத்தில் இன்று மிஞ்சியிருப்பது முகப்பு மட்டுமே. அது தேசிய நினைவுச்சின்னம். சுபாஷ் 1943 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கியில் புறப்பட்டு, மடகாஸ்கர் அருகே நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, தோக்கியோ வழியாக ஜூலை 2-ஆம் தேதி சிங்கப்பூர் வந்தார். இரண்டு நாள் கழித்து, 4 ஜூலை 1943 அன்று, இந்த கேத்தேயின் அரங்கில் 57 வயது போஸ் 46 வயது போஸிடம் லீக்கின் தலைமையை ஒப்படைத்தார்.

இந்த இடத்தில் வகுப்பைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள்: பதவியில் இருப்பவர் தானாக இறங்கி, தன்னைவிட இளையவரை அழைத்து நாற்காலியில் உட்கார வைத்த காட்சி வரலாற்றில் எத்தனை முறை வருகிறது? உலக வரலாறு படித்த மாணவர்கள் ஸ்காட்லாந்தை நினைக்கலாம். வில்லியம் வாலஸ் 1297-இல் ஸ்டர்லிங் பாலத்தில் ஆங்கிலேயரை வென்று நாட்டின் காவலரானார். மறு ஆண்டு ஃபால்கர்க்கில் தோற்றபின் பதவியை விட்டார். அந்த இடத்துக்கு ராபர்ட் புரூஸும் ஜான் காமினும் சேர்ந்து வந்தார்கள். வாலஸ் விலகியது தோல்விக்குப் பிறகு. ராஷ் பிஹாரி தானே ஆளை வரவழைத்து மேடையேற்றினார். ஒப்பிட்டு எழுதும் மாணவர்கள் இந்த வேறுபாட்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஸ்காட்லாந்திலும் இதே பெயர்ச் சிக்கல்தான். ராபர்ட் புரூஸ் என்று தாத்தா, அப்பா, மகன் மூன்று பேர். அரியணைக்கு வழக்காடியவர் தாத்தா. 1306-இல் முடிசூடியவர் பேரன். "வாலஸ்" என்று சிங்கப்பூரில் சொன்னால் யாருக்கும் போர்வீரர் நினைவு வராது. 1854-இல் இங்கே வந்து புக்கிட் தீமா காட்டில் வண்டு பிடித்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ்தான் வருவார். டெய்ரி ஃபார்மில் அவர் பெயரில் ஒரு நடைபாதையே இருக்கிறது. ஏன், தமிழாசிரியர்களுக்கு இது புதுசா? "பாரதி" என்று மட்டும் எழுதினால் கோபாலகிருஷ்ண பாரதியா, சுப்பிரமணிய பாரதியா, சோமசுந்தர பாரதியா, சுத்தானந்த பாரதியா?

கேத்தேக்குத் திரும்புவோம். 21 அக்டோபர் 1943 அன்று அதே அரங்கில் தற்காலிக சுதந்திர இந்திய அரசு அறிவிக்கப்பட்டது. சுபாஷ் அதன் தலைவர். ராஷ் பிஹாரி உச்ச ஆலோசகர். விளம்பரத் துறை எஸ். ஏ. ஐயரிடம், மகளிர் துறை கேப்டன் லட்சுமியிடம். ஏ. டி. லோகநாதனும் அந்த அரசில் இடம்பெற்றார். பின்னால் அந்தமானுக்கு ஆணையராகப் போனவர் அவர்தான். இளையவரை எல்லாரும் "நேதாஜி" என்று அழைத்தார்கள். ஜெர்மனியில் இருந்தபோதே ஒட்டிக்கொண்ட பட்டம் அது. "மதிப்புக்குரிய தலைவர்" என்று பொருள். பட்டம் அன்பால் வந்ததுதான். ஆனால் இரண்டு போஸ்கள் உலவிய ஊரில் அது குழப்பத்தையும் தீர்த்துவைத்தது. அவர்கள் காலத்தில் தீர்ந்துபோன குழப்பத்தை நாம்தான் மறுபடி உண்டாக்கியிருக்கிறோம்.

ராஷ் பிஹாரி ஜப்பான் திரும்பி, 21 ஜனவரி 1945 அன்று தோக்கியோவில் காலமானார். மகன் மசாஹிதே அதே ஆண்டு ஒகினாவா போரில் இறந்தார். சுபாஷ் 18 ஆகஸ்ட் 1945 அன்று தைப்பேயில் நடந்த விமான விபத்தில் இறந்ததாக ஜப்பான் அறிவித்தது. அதை ஏற்காதவர்கள் இந்தியாவில் இன்றும் உண்டு. ஆக, இரண்டு போஸ்களும் ஒரே ஆண்டில். "போஸ் 1945-இல் இறந்தார்" என்று வெறுமனே எழுதினால் தேர்வாளருக்கு நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள் என்றே தெரியாது.

பெயர்ப் பொறிகள் இன்னும் சில

இந்திய தேசிய ராணுவத்துக்குள்ளேயே பெயர்கள் மாணவர்களைக் கவிழ்த்துவிடும். அதன் படைப்பிரிவுகளுக்கு காந்தி, நேரு, ஆசாத், சுபாஷ் என்று பெயர். "காந்தி படை 1944-இல் இம்பால் முனையில் போரிட்டது" என்ற வாக்கியம் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் காந்தி இந்தியாவில், அதே போரை ஏற்காதவராக இருந்தார். அகிம்சையின் பெயரில் ஒரு துப்பாக்கிப் படை! காங்கிரஸ் தலைவர்களிடமிருந்து பிரிந்து வந்தபிறகும் சுபாஷ் அவர்கள் பெயரைத் தன் படைக்குச் சூட்டினார் என்பதே ஒரு நல்ல கட்டுரைக் கேள்வி.

அடுத்தது ஜான்சி ராணி. கேத்தேயிலிருந்து சிறிது தூரம் நடந்தால் வாட்டர்லூ ஸ்திரீட். 22 அக்டோபர் 1943 அன்று ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் இங்கே திறக்கப்பட்டது. படையின் பெயருக்குரியவர் 1858-இல் போர்க்களத்தில் இறந்த ராணி லட்சுமிபாய். படையை நடத்தியவர் 1914-இல் சென்னையில் பிறந்து, 1940-இல் சிங்கப்பூர் வந்து மருத்துவம் பார்த்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். இரண்டு லட்சுமிகளுக்கு நடுவே எண்பத்தைந்து ஆண்டுகள். "ஜான்சி ராணி லட்சுமி சிங்கப்பூரில் மருத்துவராக இருந்தார்" என்று ஒரு பிள்ளை எழுதினால் சிரிக்காதீர்கள். அந்தப் படைக்குப் பெயர் வைத்தவர்களே நாம் அப்படி இருவரையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்றுதானே வைத்தார்கள்? படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள் அவர்களில் பலர்.

"எஸ். சி. போஸ்" என்ற சுருக்கம் இன்னும் ஆபத்து. சுபாஷின் அண்ணன் சரத் சந்திர போஸ், வழக்கறிஞர், காங்கிரஸ் தலைவர். ஆங்கில எழுத்தில் இருவருக்கும் அதே இனிஷியல்தான். 1946 செப்டம்பரில் அமைந்த இந்திய இடைக்கால அரசில் ஓர் எஸ். சி. போஸ் உறுப்பினர். அது சரத். இளையவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது.

முழுப்பெயர் எழுதினால் சிக்கல் தீர்ந்ததா? அதுவும் இல்லை. சத்யேந்திரநாத் போஸ் என்றால் அறிவியல் மாணவர்கள் 1924-இல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்குக் கட்டுரை அனுப்பியவரைச் சொல்வார்கள். "போசான்" என்ற துகளுக்கு டிராக் சூட்டிய பெயர் அவர் நினைவாக வந்தது. அதே பெயரில் மிதுனாபூரில் ஒரு புரட்சியாளர் இருந்தார். அலிப்பூர் சிறைக்குள் அப்ரூவரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் 1908 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய சீடர்தான் அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று பதினெட்டு வயதில் தூக்குமேடை ஏறிய குதிராம் போஸ். விஞ்ஞானியும் புரட்சியாளரும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். இங்கே ஆண்டு மட்டும்தான் நமக்குக் கை கொடுக்கும். அதனால் நான் மாணவர்களிடம் சொல்வது: ஆதாரத்தில் பெயரைப் பார்த்தவுடன் விடை எழுத ஓடாதே, தேதியையும் இடத்தையும் வட்டமிட்டுவிட்டுப் பெயருக்கு வா.

ஒரு கேள்வி வகுப்பில் வரும்: "டீச்சர், அந்த ஹெட்போன் கம்பெனி நேதாஜியோடதா?" இல்லை. அதைத் தொடங்கியவர் 1929-இல் அமெரிக்காவில் பிறந்த பேராசிரியர் அமர் போஸ், ஆண்டு 1964. ஆனால் கேள்வி அவ்வளவு அசட்டுத்தனமானது இல்லை. அவருடைய அப்பா நோனி கோபால் போஸ் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக இயங்கி, வங்காளத்திலிருந்து தப்பி அமெரிக்கா போனவர்.

தமிழர் வீட்டுக்குள் வந்த பெயர்

வங்காளத்தில் வீட்டுப்பெயராக இருந்தது தமிழரிடம் வந்ததும் பிள்ளையின் பெயராகிவிட்டது. நமக்குத்தான் வீட்டுப்பெயர் வழக்கம் இல்லையே; அப்பா பெயரின் முதலெழுத்து, இங்கே சிங்கப்பூரில் "த/பெ". அதனால் போஸ், சுபாஷ், சந்திரபோஸ், நேதாஜி என்று ஒரே மனிதரின் பெயரும் பட்டமும் துண்டு துண்டாகப் பிரிந்து நான்கு தனிப் பெயர்களாயின. தமிழ்த் திரையில் "மனிதன்" படத்துக்கு இசையமைத்தவர் சந்திரபோஸ். ஆர்.ஆர்.ஆர். படப் பாட்டுக்காக 2023-இல் ஆஸ்கர் வாங்கிய தெலுங்குக் கவிஞரும் சந்திரபோஸ். முழுப்பெயர் சுபாஷ் சந்திரபோஸ். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில், முத்துராமலிங்கத் தேவரின் ஃபார்வர்டு பிளாக் வேரூன்றிய ஊர்களில், தெருவுக்கு ஒரு போஸ் இருப்பார். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களிலும் அப்படித்தான். ராஷ் பிஹாரி என்று பிள்ளைக்குப் பெயர் வைத்த ஒரு தமிழ்க் குடும்பத்தையும் நான் பார்த்ததில்லை.

ஏன் இந்தப் பாசம்? படத்தில் ராணுவ உடுப்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இல்லை. டேங்க் ரோடு செட்டியார் கோயிலில் நடந்ததைச் சொல்கிறேன். 1943-இல் கோயில் தரப்பு நேதாஜியை விழாவுக்கு அழைத்தது. எல்லாச் சாதியாரையும் எல்லா மதத்தாரையும் உள்ளே விடுவதாக இருந்தால்தான் வருவேன் என்றார் அவர். கோயில் தரப்பு ஒப்புக்கொண்டது. ஆபித் ஹசன், கியானி என்ற முஸ்லிம் அதிகாரிகளோடு அவர் உள்ளே போனார். தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலை பார்த்த தமிழர்களுக்கு, கோயில் வாசல் யாருக்குத் திறக்கும் யாருக்குத் திறக்காது என்பது நன்றாகத் தெரியும். அந்த வாசலில் நின்று நிபந்தனை போட்ட ஆளின் பெயரைப் பிள்ளைக்கு வைக்க வேறு காரணம் தேவையா?

இன்னொரு பக்கமும் உண்டு. அதை நம் ஆசிரியர்கள் தவிர்க்கக் கூடாது. இவை எல்லாம் நடந்த ஊரின் அன்றைய பெயர் சியோனான். 1942 பிப்ரவரி, மார்ச்சில் சூக் சிங் என்ற பெயரில் சீன ஆண்களை ஜப்பானியர் ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். மலாயாவிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இரண்டு போஸ்களும் கைகோத்தது அந்த ஜப்பானுடன்தான். உங்கள் வகுப்பில் பக்கத்து மேசையில் இருக்கும் சீனப் பிள்ளையின் கொள்ளுத்தாத்தா அந்த நாட்களில் காணாமல் போனவராக இருக்கலாம். எஸ்பிளனேட் பூங்காவில் இதைக் கண்ணாலேயே காட்டலாம். சீனத் தியாகி லிம் போ செங்குக்கு 1954-இல் எழுப்பிய நினைவகம் அங்கே இருக்கிறது. அவர் ஜப்பானியரை எதிர்த்து உயிர்விட்டவர். அதே பூங்காவில்தான் இந்திய தேசிய ராணுவ நினைவகத்துக்கு 8 ஜூலை 1945 அன்று நேதாஜி அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் மூன்று உருதுச் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1946 மார்ச்சில் சிங்கப்பூர் வந்த நேரு, இடித்த அந்த இடத்தில் மலர் வைத்தார். 1995-இல் தேசிய மரபுடைமைக் கழகம் அங்கே ஒரு நினைவுக் குறி அமைத்தது. ஒரே பூங்காவில் ஜப்பானுடன் சேர்ந்தவர்களும் ஜப்பானை எதிர்த்தவர்களும். யார் சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட, இருவரும் எந்த ஆட்சியை முதல் எதிரியாகப் பார்த்தார்கள், ஏன் என்று எழுதச் சொன்னால் பிள்ளைகள் நன்றாகவே எழுதுகிறார்கள்.

பயிற்சிக்கு மூன்று வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் எந்த போஸ் என்று மாணவர்கள் கண்டுபிடித்து, எந்தத் துப்பால் கண்டுபிடித்தார்கள் என்றும் எழுத வேண்டும். ஒன்று: 1942 ஜூனில் பாங்காக்கில் போஸ் தலைமையில் மாநாடு நடந்தது. இரண்டு: 1946-இல் எஸ். சி. போஸ் இடைக்கால அரசில் உறுப்பினரானார். மூன்று: 4 ஜூலை 1943 அன்று போஸ் கேத்தேயில் உரையாற்றினார். முதல் இரண்டுக்கும் விடை மேலே இருக்கிறது. மூன்றாவதில் வேண்டுமென்றே ஒரு கொக்கி வைத்திருக்கிறேன். அன்று அந்த மேடையில் இரண்டு பேருமே பேசினார்கள்.

வகுப்பை நேரில் அழைத்துப் போவதாக இருந்தால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கேத்தேயிலிருந்து வாட்டர்லூ ஸ்திரீட் வழியாகப் பாடாங் வரை நடக்கத்தான் வேண்டும். 5 ஜூலை 1943 அன்று நேதாஜி படை அணிவகுப்பைப் பார்வையிட்ட திடல் அது. பத்து மணிக்கு மேல் அங்கே நிழலே கிடையாது.